பழைய மடிக்கணினியும் புதிய மோட்டார் காரும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழுக் கூட்டத்திற்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். நிகழ்ச்சி நிரலில் இரண்டு பொருள்கள் அடுத்தடுத்து இடம் பெற்றிருந்தன. ஒன்று, அலுவலகத்தில் கணக்கெழுதப் பயன்படும் பழைய மடிக்கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பிப்பது. மற்றொன்று, வெளியூர்க் கண்காட்சிகளுக்குப் புடவைகளைக் கொண்டு செல்லச் சங்கத்திற்கு ஒரு கார் வாங்குவது. முதற்பொருள், "ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்" என்ற ஒரே வாக்கியத்துடன் ஐந்து நிமிடத்தில் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டாம் பொருளின்மீது ஒன்றேகால் மணி நேரம் விவாதம் நடந்தது. கைப்பேசியில் வந்திருந்த படங்களைப் பார்த்து, ஒரு வண்டியின் முகம் சிங்கத்தைப் போல் கம்பீரமாக இருக்கிறது என்றார் ஓர் இயக்குநர். மற்றொரு வண்டியின் பின்புறம் வெட்டிவிட்டாற்போல் இருக்கிறது என்றார் இன்னொருவர். நிறத்தைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார்கள். நிறம் பற்றிப் பேச நெசவாளருக்கு உரிமையில்லை என்று யார் சொல்ல முடியும்? ஆயினும், எதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்பதை நினைக்க நமக்குச் சிறிது கவலை உண்டாயிற்று.

நாம் கணிப்பொறி வல்லுநரும் அல்லோம், மோட்டார் வல்லுநரும் அல்லோம். சங்கங்களுக்கு ஆய்வுக்குச் செல்லும்போது கண்டதையும், தெரிந்தவர்களிடம் கேட்டறிந்ததையும், படித்ததையுமே இங்கு எழுதுகின்றோம். இத்தகைய தீர்மானம் பல சங்கங்களின் முன் இன்று வந்திருக்கிறது. 2022-ஆம் ஆண்டு ஜூனில் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது முதற்கொண்டு, கணினி என்பது பெரிய சங்கங்களுக்கு மட்டும் உரிய ஆடம்பரம் என்ற நிலை மாறிவிட்டது. அங்கத்தினர் வீடுகளிலோ, 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் பெற்ற கணினிகள் பல இன்னும் பரண்மேல் இருக்கின்றன.

முதலில் இயங்குதளம் என்பது யாது என்று பார்ப்போம். ஜக்கார்டு தறியை அறிந்த அங்கத்தினருக்கு இதை விளக்குவது எளிது. தறி மரம், குழி, அச்சு, மிதி ஆகியவை ஒரு பக்கம். எந்தப் பூ விழ வேண்டும், எந்தக் கரை ஏற வேண்டும் என்று சொல்லும் துளையிட்ட அட்டைகள் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில், தறிக்கு மேலே இருக்கிறது ஜக்கார்டு பெட்டி. அட்டையில் உள்ள துளையைப் பார்த்து, எந்தக் கொக்கி எந்தப் பாவு இழையைத் தூக்க வேண்டும் என்று நிறைவேற்றுவது அதுவே. மடிக்கணினியில் தகடும் தட்டும் திரையும் தறி மரம். கணக்கெழுதும் செயலியும் கடிதம் தட்டும் செயலியும் அட்டைகள். நடுவில் நின்று வேலையை நடத்திக் கொடுக்கும் பெட்டியே இயங்குதளம். விண்டோஸ் என்று நாம் வழங்குவது இத்தகைய ஒன்றாகும். லினக்ஸ் மற்றொன்று.

ஜக்கார்டு பெட்டியைப் புதிதாக ஏற்ற விரும்பும் நெசவாளர் முதலில் என்ன செய்வார்? அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். உயரம் போதாவிடில் பெட்டி எவ்வளவு நல்லதாயினும் அந்த வீட்டிற்கு ஆகாது. புதிய இயங்குதளத்திற்கும் இவ்வாறு ஒரு கூரை உயரம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

"ஓடுகிறதை ஏன் மாற்ற வேண்டும்?" என்பது நியாயமான கேள்வியே. தறி தேய்ந்தால் சத்தம் கேட்கும். பம்புசெட்டு பழுதானால் தண்ணீர் குறையும். இயங்குதளம் பழையதாகும்போது அப்படி ஒன்றும் தெரிவதில்லை. நேற்று எப்படி ஓடிற்றோ அப்படியே இன்றும் ஓடும். மாறுவது வேறொன்று. இயங்குதளத்தைச் செய்தவர்கள், அதில் திருடர் நுழையக்கூடிய ஓட்டைகள் தெரியவரும்போதெல்லாம், அப்டேட் என்ற பெயரில் அவற்றை அடைத்து அனுப்பிக் கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் அதை நிறுத்திவிடுகிறார்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இல் நிறுத்தினார்கள். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தினார்கள். அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். கிடங்கின் பின்கதவுப் பூட்டு கெட்டுவிட்டது என்று ஊர் முழுவதும் அறிந்தபின்னும் கதவு மட்டும் பார்வைக்கு மூடியே இருப்பதைப் போன்ற நிலை அது.

இது வீண் அச்சம் அன்று. 2017 மார்ச் மாதத்தில் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்டது. அதை ஏற்றிக் கொள்ளாத கணினிகள் உலகெங்கும் ஏராளமாக இருந்தன. இரண்டு மாதங்கள் கழித்து, மே 12-ஆம் நாள், 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் அவ்வோட்டை வழியாகவே புகுந்து, 150 நாடுகளுக்கு மேல் பரவிக் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுத் திறந்துவிடப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. மருந்து இரண்டு மாதம் முன்பே கையில் இருந்தும் நடந்த கேடு அது. திருத்தமே வராத இயங்குதளத்தில் அந்த இரண்டு மாத அவகாசமும் இராது.

நமது சங்கங்களைத் தேடி அத்தகைய திருடன் வருவானா என்று கேட்பவர்கள் உண்டு. அவன் சங்கத்தைத் தேடி வருவதில்லை. திறந்த கதவைத் தேடி வருகிறான். அங்கே கூலிப் பட்டியலும், அங்கத்தினரின் ஆதார் எண்ணும், வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன.

இனிக் கூரை உயரத்திற்கு வருவோம். 2021 அக்டோபர் 5-இல் வெளிவந்த விண்டோஸ் 11-ஐ ஏற்ற, கணினியில் நினைவகம் 4 ஜிபியும் சேமிப்பு 64 ஜிபியும் குறைந்தது இருக்க வேண்டும். இவை பெரும்பாலான கணினிகளில் இருப்பவையே. தடை வருவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு. சங்கத்தின் இரும்புப் பெட்டிச் சாவியை மேசை இழுப்பறையில் வைக்காமல் தனியே பூட்டி வைப்பதைப் போல, கணினியின் இரகசியச் சாவிகளைத் தனியே வைத்துக் காப்பது இதன் வேலை. மற்றொன்று, நுண்செயலியின் வயது. இன்டெல் செயலியானால் பெரும்பாலும் 2017-இல் அறிமுகமான எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக வேண்டும். இதைக் கண்டறிவது எளிது. கணினியின் விவரப் பக்கத்தில் ஐ5 என்பதற்குப் பின் 7200 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை. 8250 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை. இவற்றையெல்லாம் ஒருங்கே பார்த்துச் சொல்ல 'பிசி ஹெல்த் செக்' என்ற செயலியை மைக்ரோசாப்ட் நிறுவனமே விலையின்றிக் கொடுக்கிறது.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பல மடிக்கணினிகளில் டிபிஎம் வசதி உள்ளிருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். செயலி 'இல்லை' என்று சொல்லிவிட்டது என்பதற்காக உடனே புதுக் கணினிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரிவிட வேண்டாம். கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கத்தில் அதை இயக்கிவிட்டு மறுபடி சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. ஒரு கணினியின் விலை மிச்சமாகலாம்.

தேறிவிட்டால், முறையான உரிமம் பெற்ற விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறக் கட்டணம் இல்லை. தேறாவிடில் மூன்று வழிகள். முதலாவது, திருத்தங்களை மேலும் சில காலம் கட்டணம் செலுத்திப் பெறுவது. தனி மனிதரின் சொந்தக் கணினிகளுக்கு இது 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவிக்கப்பட்டது. சங்கம் தனி மனிதர் அன்று. நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டு வரை உண்டு என்றும், முதலாண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 டாலர் என்றும், அடுத்தடுத்த ஆண்டில் அது இரட்டிக்கும் என்றும் அறிவித்தார்கள். பழைய கணினிக்கு இவ்வளவு கொடுப்பது, வாடகை வீட்டிற்குக் காரை பூசுவது போன்றதென்பது எமது கருத்து. இரண்டாவது, தடையை ஏமாற்றிவிட்டு விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடுவது. கடைத்தெருவில் இதைச் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வாறு ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் வந்தே தீரும் என்ற உறுதி இல்லை என்று மைக்ரோசாப்டே சொல்லியிருக்கிறது. திருத்தங்களுக்காகவே மாறுகிறவர், திருத்தம் உறுதியில்லாத வழியில் மாறுவதில் என்ன பொருள்? அங்கத்தினர் பணத்தில் நடக்கும் அலுவலகத்திற்கு இது கூடவே கூடாது.

மூன்றாவது வழி லினக்ஸ். இதற்கு உரிமக் கட்டணம் இல்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவை பலரும் அறிந்தவை. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் இவ்வகையே. லினக்ஸ் மின்ட்டுக்கு 2 ஜிபி நினைவகம் குறைந்த அளவு. 4 ஜிபி இருந்தால் வசதியாக ஓடும். கடிதம், விரிதாள், இணையம் ஆகியவற்றிற்கு இது தாராளமாகப் போதும். ஆனால் டாலி போன்ற கணக்குச் செயலிகள் விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை. மின்னொப்பச் சாவியும், விரல்ரேகைக் கருவியும், பழைய அச்சுப்பொறியும் லினக்ஸில் ஒத்துழைக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். நல்ல வேளையாக, இயங்குதளத்தை மாற்றாமலே ஒரு பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்த்துவிடலாம். துணி வாங்குமுன் விரித்துப் பார்ப்பதைப் போல.

பழைய மடிக்கணினி மெதுவாக இருக்கிறது என்பது எல்லாச் சங்கங்களிலும் நாம் கேட்கும் முறையீடு. பெரும்பாலும் குற்றம் செயலியினுடையது அன்று. 2018-க்கு முன் வாங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் சேமிப்புக்கென்று இருப்பது நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டு. எந்தக் கோப்பைக் கேட்டாலும் ஒரு சிறு முள் அந்தத் தட்டின்மேல் உரிய இடத்திற்கு ஓடி நின்று எடுக்க வேண்டும். எஸ்எஸ்டி என்னும் சேமிப்பானில் சுழலும் பகுதியே இல்லை. தட்டை எடுத்துவிட்டு இதைப் பொருத்தினால், தொடங்க மூன்று நான்கு நிமிடம் எடுத்த கணினி அரை நிமிடத்திற்குள் தொடங்குவதை நாமே கண்டிருக்கிறோம். புதுக் கணினி வாங்கும் தீர்மானத்தை இதன் பிறகு எழுதினால் நன்று.

இவை எல்லாவற்றிற்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதை ஒரு துயர அனுபவத்தால் நாம் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு சங்கத்தில், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், காலையில் கணினியைத் திறந்தபோது தட்டு சுழலவில்லை. பதினொரு மாத நூல் இருப்புக் கணக்கும், நெய்து கொடுத்த புடவைகளின் கூலிக் கணக்கும், அதை வைத்துப் போட வேண்டிய போனஸ் பட்டியலும் அதற்குள் இருந்தன. நகல் உண்டா என்று கேட்டோம். உண்டு என்று எழுத்தர் ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். அதில் இருந்தது இரண்டாண்டுக்கு முந்திய கணக்கு. பிறகு ஒவ்வொரு நெசவாளரும் தம் வீட்டில் வைத்திருந்த பாஸ் புத்தகத்தைக் கொண்டு வந்து கொடுக்க, ஊழியர் நால்வர் இரவு பகலாக உட்கார்ந்து திரும்ப ஏற்றினார்கள். போனஸ் தீபாவளிக்கு முந்தின மாலைதான் கைக்கு வந்தது. அன்றைக்குப் பிறகு கடைக்குப் போய்ப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டிய குடும்பங்கள் எத்தனை! ஊருக்கெல்லாம் புடவை நெய்தவர்கள் அவர்கள்.

ஆகவே நகல் இரண்டு வேண்டும். ஒன்று அலுவலகத்தில், மற்றொன்று வேறு கட்டிடத்தில். மாதம் ஒருமுறை அந்த நகலைத் திறந்து, நேற்றைய தேதி வரை கணக்கு இருக்கிறதா என்று ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நாம் நகல் என்று ஒப்புக் கொள்வதில்லை.

தமிழ் எழுத்துரு பற்றியும் ஒரு சொல். ஒருங்குறியைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றுக் கொண்டது. ஆயினும் சங்கங்களின் பழைய தீர்மானங்களும் பட்டியல்களும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. இயங்குதளத்தை முற்றிலும் புதிதாக ஏற்றும்போது அந்த எழுத்துருக்கள் போய்விடும். திறந்தால் தீர்மானப் புத்தகம் முழுதும் ஆங்கில எழுத்துகளின் கூளமாகக் காட்சி தரும். கணக்கு அழிந்துவிட்டது என்று பதற வேண்டா; எழுத்துருக் கோப்புகளை முன்கூட்டி நகல் எடுத்து வைத்திருந்தால் மீண்டும் நிறுவிக் கொள்ளலாம்.

இவ்வளவும் சொன்னபின் அக்குழுவில் ஒருவர் கேட்டது இது: "விண்டோஸ் 11 பார்க்க எப்படி இருக்கும்?" நாம் உள்ளதைச் சொன்னோம். மூலைகள் வட்டமாக்கப்பட்டிருக்கின்றன, இடப்பக்கம் இருந்த தொடக்கப் பொத்தான் நடுவுக்கு வந்திருக்கிறது. பொத்தானை மறுபடி இடப்பக்கமே வைத்துக் கொள்ளவும் வழியுண்டு. ஒருவருக்கு அது பிடித்தது; ஒருவருக்குப் பிடிக்கவில்லை. அந்த அபிப்பிராயத்தைக் கொண்டு தீர்மானம் செய்ய முற்பட்டபோதுதான் நாம் குறுக்கிட்டோம். பொருளின் முகம் ஒரு கணக்கு. உட்பொறி வேறொரு கணக்கு. இவை இரண்டும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. காரின் விவாதத்தில் நடந்த பிழையும் இதுவே.

மோட்டார்க் காரின் முகத்தை ஆண்டுதோறும் மாற்றும் வழக்கம் தானாக வந்தது அன்று. போர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை 'மாடல் டி' என்ற ஒரே வண்டியை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்தது. அதனுடன் விலையில் மோத முடியாத ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ஆல்பிரட் ஸ்லோன் தலைமையில், வேறு வழி கண்டது. 1927-இல் ஹார்லி ஏர்ல் என்பவரைக் கொண்டு தோற்றத்திற்கென்றே ஒரு தனிப் பிரிவை அமைத்தது. உள்ளே பெரிதும் மாறாவிடினும், போன ஆண்டு வண்டி பழையதாய்த் தோன்றும்படி இந்த ஆண்டு வண்டி இருக்க வேண்டும் என்பதே கருத்து. 1948-இல் காடிலாக் வண்டியின் பின்புறத்தில் போர்விமானத்தின் வாலைப் பார்த்துச் சிறு துடுப்புகள் முளைத்தன. அவை ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து 1959-இல் உச்சியை அடைந்து, சில ஆண்டுகளில் இருந்த இடம் தெரியாமல் மறைந்தன. அந்தத் துடுப்பால் வண்டி பறந்ததாக யாரும் சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1934-இல் கிரைஸ்லர் நிறுவனம் 'ஏர்ப்ளோ' என்ற வண்டியை வெளியிட்டது. காற்றுக் குகையில் சோதித்து, காற்று தடைப்படாமல் வழுக்கிச் செல்லும்படி உருவம் அமைத்தார்கள். பொறியை முன்னுக்குத் தள்ளி, பின்னிருக்கையை அச்சுக்கு முன்னால் கொண்டுவந்து, குலுக்கலைக் குறைத்தார்கள். உட்பொறி நன்று; ஆனால் முகம் மக்களுக்குப் பிடிக்கவில்லை. மறு ஆண்டே கூரிய முகப்பு ஒன்றை ஒட்ட வைத்துப் பார்த்தும் பயனின்றி, 1937-உடன் அது நின்றது. பின்னாளில் உலகம் ஏற்றுக் கொண்ட பல அம்சங்கள் அதில் இருந்தன. முகத்தைப் பார்த்து நல்லதைத் தள்ளுவதும் உண்டு, முகத்தைப் பார்த்து வெறும் தகட்டுக்கு விலை கொடுப்பதும் உண்டு.

நம் நாட்டு அம்பாசடர் காரை நினையுங்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியிலிருந்து வந்த அந்த உருவம், 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை ஏறக்குறைய மாறவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அதே உடலுக்குள் ஜப்பானிய இசுசு பொறியை வைத்தார்கள். முகத்தைப் பார்த்து அதை அறிய முடியாது. பழைய மடிக்கணினிக்குள் எஸ்எஸ்டி வைப்பதும் ஏறக்குறைய இதுவே. இன்றைய விற்பனைச் சந்தையில் பெரும்பாலும் நடப்பது இதற்கு எதிரானது. முன் விளக்கும் முகப்புச் சட்டமும் மாறும். பொறி பழையதாகவே இருக்கும். அதற்கு 'பேஸ்லிப்ட்' என்று பெயர். அதில் பிழையொன்றும் இல்லை. பழைய முகம் உள்ள வண்டி கிடங்கில் மீந்திருந்தால் விலை குறைத்துத் தருவார்களா என்று கேட்பதற்கு மட்டும் மறக்கக் கூடாது.

பின்புறம் வெட்டிவிட்டாற்போல் இருக்கிறது என்றாரே ஓர் இயக்குநர், அவருடைய கண் கூரிய கண். அது உண்மையில் வெட்டப்பட்டதுதான்; வெட்டியது வரிச் சட்டம். 2006-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டம் முதல், 4 மீட்டருக்குள் அடங்கி, பொறியின் அளவும் வரம்புக்குள் இருக்கும் சிறு கார்களுக்கு வரி குறைவு. ஆகவே வண்டி செய்பவர்கள் 4 மீட்டருக்குள் அடக்கத் தலைப்பட்டார்கள். ஸ்விப்ட் டிசையர் வண்டி 2008-இல் வந்தபோது நீளம் 4,160 மில்லிமீட்டர். 2012-இல் வந்த அடுத்த உருவத்தின் நீளம் 3,995 மில்லிமீட்டர். குறைந்த நீளத்தில் பெரும்பகுதி பின்பெட்டியிலிருந்தே போயிற்று. சாலையில் ஓடும் சிறு கார்கள் பல ஏன் ஒரே அளவில் குறுகி நிமிர்ந்து நிற்கின்றன என்பதற்குக் கலைஞனின் மனத்தில் விடை தேடிப் பயனில்லை. சட்டத்தைத் தெரிந்து கொண்டபின் அந்தப் பின்புறத்தை நாம் சற்று இரக்கத்தோடேயே பார்க்கிறோம்.

அப்படியானால் தோற்றத்தைப் பார்க்கவே வேண்டாமா? நன்றாகப் பார்க்க வேண்டும். தொழிலாளியின் கண்ணால் பார்க்க வேண்டும். கூரை பின்னோக்கிச் சரிந்து வரும் வண்டி ஒய்யாரமாக இருக்கும். புடவைப் பெட்டியை நிறுத்தி வைக்க அங்கே உயரம் இராது. பின்பெட்டியின் வாசற்படி எவ்வளவு உயரம் என்று பாருங்கள். கட்டு ஒவ்வொன்றையும் அந்த உயரத்திற்குத் தூக்க வேண்டியவர் விற்பனையாளர் அல்லர், நம் ஊழியர். சில வண்டிகளில் மேலே மெல்லிய கோடாக எரிவது அலங்கார விளக்கு. உண்மையான முன்விளக்கு கீழே முட்டுத்தாங்கியில் இருக்கும். நெசவாளர் தெருவின் குறுகிய திருப்பத்தில் முதலில் உரசும் இடம் அதுவே. இக்கால விளக்குகளைப் பல வண்டிகளில் முழுத் தொகுதியாகவே மாற்ற வேண்டும். வாங்குமுன் அந்தத் தொகுதியின் விலையைக் கேளுங்கள். பெரிய சக்கரத்தில் மெல்லிய பட்டையாய் டயர் ஒட்டியிருப்பது படத்திற்கு அழகு. பள்ளத்தில் விழும்போது அடியைத் தாங்குவது டயரில் உள்ள காற்றின் உயரமே. கண்ணாடி சிறுத்து, தூண் பருத்திருந்தால் பின்னோக்கி ஓட்டும்போது குழந்தையைக் காண முடியாது.

உள்ளே பொத்தான்களையெல்லாம் எடுத்துவிட்டுப் பெரிய திரை வைப்பது இப்போதைய மோஸ்தர். ஓட்டுகிறவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் தடவிக் கண்டுபிடிக்கக் கூடியது பொத்தான் ஒன்றே. ஐரோப்பாவின் விபத்துச் சோதனை அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் முழு மதிப்பெண் பெறுவதற்குத் திருப்ப விளக்கு, ஒலிப்பான், துடைப்பான் முதலியவற்றிற்குத் தொட்டுணரும் விசைகள் வேண்டும் என்று வகுத்திருக்கிறது. மோஸ்தரும் ஒருநாள் திரும்பி நடக்கும் போலும்.

முகத்தில் எழுதப்படாத ஒன்று வண்டியின் உறுதி. நம் நாட்டிலேயே 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற பெயரில் கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் வழங்குகிறார்கள். பெரியவர்க்கு ஒன்று, சிறுவர்க்கு ஒன்று என மதிப்பீடு இரண்டு உண்டு. சிங்க முகம் உள்ள வண்டிக்கு நட்சத்திரம் எத்தனை என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நமக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதை ஒப்புக் கொள்கிறோம். பார்த்துச் சொல்வதாக எழுத்தர் குறித்துக் கொண்டார்.

அச்சங்கத்து மடிக்கணினியைச் சோதித்தபோது அது எட்டாம் தலைமுறை, டிபிஎம் அணைந்திருந்தது. அதை இயக்கி, சுழலும் தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்தி, ஓர் இரண்டாம் சனிக்கிழமையில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றினார்கள். நகல் இரண்டு எடுத்தபின்பே திருப்புளியை எடுக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்தியிருந்தோம். திங்கட்கிழமை கூலிப் பட்டியலைத் திறந்தபோது, எதிர்பார்த்தபடியே, எழுத்துகள் கூளமாயிருந்தன. எழுத்துருக் கோப்பு நகலில் இருந்ததால் பகல் உணவுக்குள் சரியாயிற்று. தலைவர் வீட்டில் பரண்மேல் இருந்த விலையில்லா மடிக்கணினிக்கு லினக்ஸ் மின்ட் ஏற்றப்பட்டு, அங்கத்தினர் படிப்பறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வேகம் குறைவுதான். பிள்ளைகள் பொறுத்துக் கொள்கிறார்கள்.

கார் வாங்கும் பொருள் அடுத்த கூட்டத்திற்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் புடவை அடுக்கிய பெட்டிகள் இரண்டை எடுத்துக் கொண்டு இயக்குநர் மூவர் காட்சிக்கூடங்களுக்கு நேரில் சென்று, பின்பெட்டியில் ஏற்றி இறக்கிப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. அளவு நாடா கொண்டுபோக வேண்டியவர் காரியதரிசி.